ஆறு மாத ஊசியும் மூன்று வார லீவும்

டொரண்டோவிலிருந்து ஜூலையில் திருமங்கலம் போனபோது அம்மாவுக்கு லேசாகக் கூன் விழுந்திருந்தது. அடுப்படிப் பரணில் கை எட்டவில்லை என்று முக்காலி போட்டு ஏறுகிறாள்! ஏதோ இலவச முகாமில் குதிகாலை மெஷினுக்குள் வைத்துப் பார்த்து, 'தேய்மானம், கால்சியம் போடவும்' என்று சீட்டு கொடுத்திருந்தார்கள். மருந்து தொடங்க அது போதாது. இடுப்புக்கும் முதுகுக்கும் டெக்ஸா ஸ்கேன், அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன், வேண்டும்.

மதுரையில் எடுத்தோம். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். ஸ்கேன் என்னவோ கால்மணி நேரம். டோக்கன் எதற்கு என்று யாரிடம் கேட்பது? டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்தி, மைனஸ் 3.1. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே ஆஸ்டியோபொரோசிஸ், எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நோய்.

அலைச்சலுக்கெல்லாம் ஈடு அண்ணா நகர் டாக்டரம்மா. "எலும்பு கல்லு இல்லம்மா. ஒரு பக்கம் அரிச்சு, ஒரு பக்கம் கட்டிக்கிட்டே இருக்கும்" என்று ஆரம்பித்தார். அரிக்கிற செல் ஆஸ்டியோகிளாஸ்ட். அமிலம் சுரந்து எலும்பைக் கரைக்கும். ஆனால் அது உருவாகவே ஓர் உத்தரவு வேண்டும். எலும்பைக் கட்டும் செல்களும், எலும்புக்குள்ளேயே புதைந்துகிடக்கும் செல்களும் ராங்க்-எல் என்ற புரதத்தைத் தரும். ஆஸ்டியோகிளாஸ்டாக மாறப்போகும் இளஞ்செல்லின் மேலிருக்கும் ராங்க் என்ற புரதத்தில் அது போய் ஒட்டினால், அந்தச் செல்கள் பல ஒன்றாகச் சேர்ந்து அரிக்கக் கிளம்பும். இதைத் தடுக்கவும் உடம்பில் ஆள் உண்டு: ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற இன்னொரு புரதம். மாட்டுத்தாவணியில் மாமா நமக்காகக் காத்திருக்க, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆட்டோக்காரர் நம்மை அள்ளிக்கொண்டு போவாரே, அதே வேலைதான். ராங்க்-எல்லை வழியிலேயே மடக்கிவிடும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ராங்க்-எல்லின் கை ஓங்கிவிடுகிறது.

டெனோசுமாப் ஊசி செய்வதும் இந்த மடக்கும் வேலைதான். 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தோலுக்கடியில். போடுமுன் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி பார்த்தார். பல் டாக்டரிடமும் அனுப்பினார். மெடிக்கலில் ஐஸ் பையோடு தெர்மாகோல் டப்பாவில் கட்டிக் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுத்ததால் அந்தத் தம்பிக்கு ஒரு சபாஷ்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஊசி போட்ட இடத்தில் அடுத்த தேதியை எழுதவே இல்லை. கேட்டதற்கு, "வலி இருந்தா வாங்க சார்" என்றார்கள். இது வலிக்குப் போடுகிற ஊசியா? அடுத்த ஊசி தவறி, மருந்தின் வேகம் தீர்ந்ததும் அடங்கிக் கிடந்த ராங்க்-எல் மொத்தமாகக் கிளம்பும். ஏறிய எலும்பு இறங்கி, சிலருக்கு முதுகெலும்பு வரிசையாக நொறுங்குகிறது. நிறுத்துவதானாலும் வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார்.

நான் கிளம்புமுன் மதினியிடம் தேதியைச் சொன்னேன். தினசரி காலண்டரில் குறிக்கப் போனால், அது டிசம்பர் 31ஓடு முடிகிறது. பிரிட்ஜ் கதவில் மார்க்கரால் 'ஜனவரி 14, அத்தைக்கு ஊசி' என்று எழுதினார். "பொங்கலாச்சே, கடை இருக்காதே" என்றாள் அம்மா. 14ஐ அடித்துவிட்டு 19 என்று போட்டார்.