மாதம் 329 டாலருக்கு ஒரு தள்ளுபடி அட்டை: காப்பீடு என்று நம்பி வாங்கியவனின் மதிப்புரை

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கும் எங்கள் குடும்பம் 2024 செப்டம்பர் முதல் நவம்பர் வரை வைத்திருந்த ஒரு மருத்துவத் திட்டத்தைப் பற்றிய மதிப்புரை இது. சேர்க்கைக் கட்டணம் 125 டாலர், மாதச் சந்தா 329 டாலர் என்ற கணக்கில் மூன்று மாதங்களுக்கு 1,112 டாலர் கட்டினோம். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினாலும் பெரிய பயன் இராது. தொலைபேசியில் சொன்ன பெயர் ஒன்று, அட்டையில் அச்சாகியிருந்த பெயர் இன்னொன்று, கடன் அட்டைக் கணக்கில் விழுந்த பெயர் மூன்றாவது.

என் ஒப்பந்த வேலை ஆகஸ்டில் முடிந்தது. நிறுவனக் காப்பீடு ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு நின்றது. மனைவி பார்ப்பது பகுதிநேர வேலை, அதில் காப்பீடு கிடையாது. பழைய காப்பீட்டையே நாமே முழுப் பணமும் கட்டி 18 மாதம் வரை தொடரும் ஏற்பாட்டுக்கு இந்நாட்டில் கோப்ரா என்று பெயர். நிறுவனம் செலுத்திவந்த பங்கு, நாம் செலுத்திவந்த பங்கு, அதன்மேல் நிர்வாகச் செலவுக்கு 2 விழுக்காடு ஆகிய மூன்றும் சேர்ந்து நான்கு பேருக்கு மாதம் 2,240 டாலர் என்று கடிதம் வந்தபோது பெயர்ப்பொருத்தம் விளங்கியது. மலிவாக ஏதேனும் கிடைக்குமா என்று இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட படிவத்தில் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். நான் செய்த முதல் பிழை அது. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலைக்குள் பத்தொன்பது அழைப்புகள் வந்தன.

பேசியவர்களுள் ஃபுளோரிடா எண்ணிலிருந்து அழைத்த ஒருவர் மிகவும் பொறுமையானவர். பிள்ளைகளின் வயதைக் கேட்டார், என் நீரிழிவு மாத்திரையின் பெயரைக் கேட்டார், எங்கள் குழந்தை மருத்துவரின் பெயரைக் கேட்டு "அவரும் நம் நெட்வொர்க்கில் இருக்கிறார்" என்றார். நாடு முழுவதும் செல்லும் பி.பி.ஓ. நெட்வொர்க் (திட்டத்தோடு ஒப்பந்தம் செய்த மருத்துவர்களின் பட்டியல்), டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்ட வேண்டிய தொகை) கிடையாது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, நாளையிலிருந்தே செல்லுபடியாகும் என்று அடுக்கினார். இவற்றுள் எதுவுமே பொய்யில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். எந்தச் செலவையும் ஏற்காத திட்டத்துக்கு டிடக்டிபிள் எதற்கு? எந்த நோய்க்கும் பணம் தராதவர் எந்த நோயை விலக்கப் போகிறார்? வெறும் விலைக்குறைப்புக்கு ஒப்புக்கொண்ட மருத்துவர்களின் பட்டியலையும் நெட்வொர்க் என்று சொல்லலாம், தவறில்லை. நல்ல காப்பீட்டுக்கு உரிய அடையாளங்களாக நாம் மனத்தில் வைத்திருக்கும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, நடுவில் இருக்க வேண்டிய ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார். அந்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.

பணம் எடுத்த பிறகு, "பதிவுக்காக" என்று வேறொரு பெண்மணியிடம் அழைப்பை மாற்றினார்கள். அவர் ஏறத்தாழ மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் ஓர் அறிக்கையை வாசித்தார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் "ஆம்" என்று மட்டும் சொல்ல வேண்டும், இடையில் கேள்வி கேட்டால் பதிவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். இது காப்பீடு இல்லை என்ற வரி அந்த வாசிப்பில் இருந்தது. பின்னாளில் நான் புகார் கொடுத்தபோது அந்த ஒலிப்பதிவைத்தான் எனக்கே திருப்பி அனுப்பினார்கள். அதில் தெளிவாக, சற்று அவசரமாக, நான் "ஆம்" என்கிறேன்.

காப்பீட்டுக்கும் தள்ளுபடி அட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுவது நல்லது. காப்பீட்டில் ஆண்டுக்கு நம் கையிலிருந்து போகும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மாநில அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தையில் விற்கும் திட்டங்களுக்கு, நெட்வொர்க்குக்குள் பெறும் சிகிச்சையைப் பொறுத்தவரை, 2025-இல் அந்த வரம்பு தனிநபருக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400 டாலர். அதைத் தாண்டிய செலவு, இரண்டு இலட்சமானாலும், நிறுவனத்தின் தலையில் விழும். தள்ளுபடி அட்டையில் நிறுவனம் மருத்துவமனைக்கு ஒரு காசும் தருவதில்லை. பட்டியலில் உள்ள மருத்துவர் விலையைச் சற்றுக் குறைப்பார், மீதி முழுவதையும் நாம் அப்போதே கையிலிருந்து கட்ட வேண்டும், நம் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. ஜவுளிக்கடை உறுப்பினர் அட்டையை மருத்துவத்துக்கு அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இதை நான் தெரிந்துகொண்டது நவம்பர் 19 அன்று. ஒன்பது வயது மகன் பள்ளி விளையாட்டுத் திடலில் கம்பியிலிருந்து விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவு மேசையில் இருந்த பெண்மணி அட்டையை வாங்கி, கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்து, மறுபடி தட்டி, பிறகு அட்டையைப் புரட்டினார். பின்பக்கம் கறுப்புப் பட்டைக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்த ஒரு வரியின்மீது நகத்தை வைத்து என் பக்கம் நீட்டினார். "இது காப்பீடு இல்லை" என்ற அந்த வரியை நான் படித்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. அவர் முகத்தில் வியப்பு ஏதும் இல்லை. இந்த அட்டையை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். கணினியில் "காப்பீடு இல்லாதவர்" என்று பதிந்துவிட்டு மகனை உள்ளே அனுப்பினார்.

மருத்துவமனையின் பில் 5,870 டாலர். எலும்பைச் சரிசெய்த மருத்துவரின் பில் தனியாக 780 டாலர். மருத்துவமனைகள் எங்கள் அட்டையின் பட்டியலிலேயே இல்லை, ஆகவே தள்ளுபடி சுழியம். இங்கே எனக்குக் கைகொடுத்தவர், வேறொரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் வேலை செய்யும் நண்பர். வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் ஐந்து மடங்குக்குக் கீழ் உள்ள, காப்பீடு இல்லாத நியூ ஜெர்சிவாசியிடம், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் கட்டணத்தின் 115 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனை வசூலிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். 2024-இல் நால்வர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு 31,200 டாலர், ஐந்து மடங்கு 1,56,000. எங்கள் வருமானம் அதற்குள் இருந்தது. விண்ணப்பித்த பின் மருத்துவமனை பில் 1,140 டாலராக இறங்கியது. மாதம் 329 டாலர் வாங்கியவர்கள் ஒரு டாலர் குறைக்காத இடத்தில், எவருக்கும் சந்தா கட்டாமலே கிடைக்கும் ஓர் உரிமை 4,730 டாலரைக் குறைத்தது. அந்தச் சட்டம் மருத்துவமனையின் கட்டணத்துக்கு மட்டுமே என்பதால் 780 டாலரைத் தவணையில் கட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டபின் நண்பர் சொன்னார்: "அண்ணா, அந்த அட்டைக்குக் குடுத்த காச விடுங்க. அந்த ரெண்டு மாசத்த எடுத்துட்டாங்களே, அதுதான் பெரிய நஷ்டம்." அவர் சொன்னது உண்மை. வேலையோடு காப்பீடு போனவர் 60 நாள்களுக்குள் மாநிலத்தின் கெட் கவர்ட் நியூ ஜெர்சி சந்தையில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். எனக்கு அந்த வாய்ப்பு அக்டோபர் 30-இல் முடிந்தது. அன்றைய வருமானத்துக்கு உரிய மானியம் போக, உண்மையான காப்பீடு எங்களுக்கு மாதம் 640 டாலருக்குக் கிடைத்திருக்கும். கோப்ராவுக்கும் 60 நாள் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் விபத்து நடந்திருந்தால், அதற்குப் பிறகுகூடச் சேர்ந்து, பின்தேதியிட்டுப் பணம் கட்டிச் செலவை ஈடுசெய்திருக்கலாம். பிள்ளைகளுக்கோ ஃபேமிலிகேர் என்ற மாநில அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் வறுமைக்கோட்டின் 355 விழுக்காடு வரை இடம் உண்டு, ஆண்டு முழுவதும் சேரலாம். பையில் ஓர் அட்டை இருக்கிறது என்ற நிம்மதியில் இவற்றுள் ஒன்றையும் நான் தேடவில்லை. காப்பீடே இல்லை என்று தெரிந்திருந்தால் பயத்திலாவது தேடியிருப்பேன்.

இந்த ஏமாற்று என் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. சிம்பிள் ஹெல்த் பிளான்ஸ் என்ற ஃபுளோரிடா நிறுவனத்தின்மீது கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் தொடுத்த வழக்கின் சாரமும் இதுவே. முழுமையான காப்பீடு என்று நம்பவைத்து, பெரும்பாலும் தள்ளுபடித் திட்டங்களையும் மிகச் சொற்பமான பலன் தரும் திட்டங்களையும் மாதம் 500 டாலர் வரை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் 195 மில்லியன் டாலர் கட்டுமாறு உத்தரவிட்டது. இதற்கிடையே, 2022-இல், பெனிஃபிட் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனமும் இதையொத்த புகாரில் 100 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்தச் செய்திகளையெல்லாம் நான் படித்தது அட்டை வாங்கிய பிறகு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பொருளைப் பொருளாகவும் மதிப்பிட வேண்டும். பல் மருத்துவரிடம் சுத்தம் செய்ததில் எனக்கு 20 விழுக்காடு உண்மையாகவே குறைந்தது. மனைவியின் மூக்குக் கண்ணாடியில் 30 டாலர் மிச்சம். மருந்துக் கடையில் அட்டையை நீட்டியதற்குப் பதிலாக, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கூப்பனை நீட்டியிருந்தால் இன்னும் ஒன்றரை டாலர் குறைந்திருக்கும். மகளுக்கு நள்ளிரவில் காது வலித்தபோது தொலைபேசியில் வந்த மருத்துவர் மட்டும் அக்கறையாகப் பேசினார், விடிந்ததும் மறுபடி அழைத்து விசாரித்தார். ஐந்துக்கு நான் தரும் ஒரு நட்சத்திரம் அவருக்கு உரியது. உண்மையான காப்பீடு வைத்திருந்து, பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டும் இப்படியோர் அட்டையை மாதம் பத்துப் பதினைந்து டாலருக்கு வாங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 329 டாலர் என்பது காப்பீட்டின் சாயலுக்குக் கொடுத்த விலை.

இத்தகைய அழைப்பு வந்தால், "மருத்துவமனைக்கு நீங்கள் எவ்வளவு கட்டுவீர்கள், என் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு" என்ற இரண்டையும் கேட்டு, விடையை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முகவரின் உரிம எண்ணை மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். இன்றே சேர்ந்தால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். உண்மையான காப்பீட்டின் விலை ஒரு மாலைக்குள் மாறுவதில்லை. தள்ளுபடித் திட்டங்களைச் சேர்ந்த 30 நாள்களுக்குள் நிறுத்தினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன, ஆகையால் அட்டை கைக்கு வந்த அன்றே முதலில் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள்.

நிறுத்துவதற்கு நான்கு முறை அழைத்தேன். முதல் மூன்று முறையும் சந்தாவை 279 ஆகவும், 229 ஆகவும், 149 ஆகவும் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். ஒரே பொருளின் விலை ஒரு வாரத்தில் பாதிக்கும் கீழே இறங்கியதைக் கேட்டுக்கொண்டிருந்தது தனி அனுபவம். கடன் அட்டை நிறுவனத்தில் ஆட்சேபணை தெரிவித்த பிறகு இரண்டு மாதச் சந்தாவான 658 டாலர் திரும்பியது. ஜனவரி 1 முதல் மாநிலச் சந்தையின் காப்பீட்டில் இருக்கிறோம். ஆனால் நியூ ஜெர்சியில் காப்பீடு இன்றி மூன்று மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருந்தவர் மாநில வருமான வரியோடு அபராதம் செலுத்த வேண்டும், தள்ளுபடி அட்டை அங்கே கணக்கில் வராது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களுக்கு எங்களுக்கு விழுந்தது 700 டாலர். மீதி 454 டாலருக்கான புகார் மாநில வங்கி மற்றும் காப்பீட்டுத் துறையில் இன்னும் முடிவுறாமல் இருக்கிறது.