தெலுக் ஆயர் தாவார் பறவைப் படகுச் சவாரி: இரண்டு முறை போன அனுபவம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் வீடு. சீனப் பெருநாள் விடுமுறைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போங்கள் அம்மா என்றான் பன்னிரண்டு வயது மகன். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை நீளும் சேற்றுக் கரை, வலசைப் பறவைகளுக்காக உலக அளவில் முக்கியமென்று பட்டியலிடப்பட்ட இடம். ஆளுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். படகு சுத்தம், லைஃப் ஜாக்கெட் புதிது, பசியாற நாசி லெமாக்கும் கொடுத்தார்கள். இதிலெல்லாம் குறையே இல்லை.

பத்து மணிக்குத் தண்ணீர் ஏறி, சேறு முக்கால்வாசி மறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு திட்டில் பட்டைவால் மூக்கன், உப்புக்கொத்தி என்ற கரைப்பறவைகள் நெருக்கியடித்து நின்றன. பாதிக்கு மேல் ஒற்றைக் காலில், மூக்கை முதுகு இறகில் செருகித் தூக்கம். படகுக்காரர் வேகத்தைக் குறைக்காமல் படகை நேராகத் திட்டை நோக்கி விட்டார். ஓரத்தில் நின்ற ஒரு மூக்கன் முதலில் தலையைத் தூக்கியது. மடக்கிய கால் கீழே இறங்கியது. கழுத்து நீண்டது. பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நாங்கள் தூரத்தில் இருக்கும்போதே அவற்றின் ஓய்வு போய்விட்டது. பிறகு மொத்தக் கூட்டமும் எழும்பியது. படகில் கைதட்டினார்கள்.

ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே திட்டில் இறங்கின. வேறு காய்ந்த இடம் கிடையாது. “படம் சரியா வரலைன்னா சொல்லுங்க, இன்னொரு ரவுண்டு போகலாம்” என்றார் படகுக்காரர். அரை மணி நேரத்தில் நான்கு முறை எழுப்பிவிட்டார். நான்காவது முறை சில பறவைகள் பறக்காமல் நாலடி ஓடி நின்றன. “பாருங்க, பழகிடுச்சு” என்றார். பழகவில்லை. களைத்துப்போனதும் போக இடமில்லாததும் அப்படித்தான் நிற்கும். அசையாமல் நிற்கும் பறவைக்கும் ஆள் நெருங்கினால் இதயத்துடிப்பு ஏறுவதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அதுவும் பிப்ரவரியில். இன்னும் சில வாரத்தில் இவை வடக்கே சைபீரியா பக்கம் கிளம்ப வேண்டும். சேறு தெரியும்போது புழுவும் சிப்பியும் தின்று கொழுப்புச் சேர்க்கும், தண்ணீர் ஏறினால் நின்று ஓய்வெடுக்கும். 2022இல் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மானியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்தது. சேர்த்துவைத்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். அதைத்தான் எங்கள் படத்துக்காக வீணாக்க வைத்தோம். காசு கொடுத்தவள் நான் என்பதால் எனக்கு வீடு வரும்வரை மனசே சரியில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு படகில் போனோம். ஒரு வயதான மீனவர், மொத்தம் 120 வெள்ளி. சாப்பாடு இல்லை, உட்கார வெறும் பலகை. தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே ஓரிடத்தில் நங்கூரம் போட்டு இன்ஜினை அணைத்துவிட்டார். “நாம போக வேணாம் தங்கச்சி. தண்ணியே அதுங்கள இங்க தள்ளிக்கிட்டு வரும்” என்றார்.

முக்கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. வெயில் வேறு. அப்புறம் சேறு சுருங்கச் சுருங்க, பறவைகள் மேய்ந்தபடியே எங்கள் பக்கம் வந்தன. பைனாகுலரே தேவைப்படாத தூரத்தில் ஒரு மூக்கன், லேசாக மேல்நோக்கி வளைந்த மூக்கை முகம் வரைக்கும் சேற்றில் இறக்கி, புழு ஒன்றை அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தது. முழுசாக வெளியே வந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். திட்டு மட்டும் மிஞ்சியபோது, மீனவர் துடுப்பால் தள்ளி ஓசையில்லாமல் விலகிப் போனார்.

முதல் படகுக்கு 5க்கு 2, இரண்டாவதற்கு 5. முதல் படகுக்காரரிடம் நேரிலேயே பேசினேன். நேராகப் போகாமல் தள்ளிப் பக்கவாட்டில் போங்கள், தண்ணீர் முழுக்க ஏறிய நேரத்தில் திட்டுப் பக்கமே வேண்டாம் என்றேன். வருகிறவர்கள்தான் பறக்கவிடச் சொல்கிறார்கள் என்றார். அதனால் பணம் கட்டும் முன்பே, பறவையை எழுப்ப வேண்டாம் என்று நீங்களும் சொல்லிவிடுங்கள்.