லயத்துக் கதையைப் படிக்க: கட்டண இதழா, திறந்த நூலகமா?

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரை நாடற்றவர்களாக்கிய வரலாற்றை மலையக ஊரான ஹட்டனில் ஒரு மாணவி படிக்க இரண்டு வழி உண்டு.

வெளிநாட்டு ஆய்விதழ் என்றால் ஒரு கட்டுரைக்கே 30 டொலர் அளவில் கேட்பார்கள். 2021இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனபோது, அந்த 30 டொலர் ஆறு நாள் கொழுந்து பறித்த கூலி. நம் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைப் பற்றி எழுதியதை நம் பிள்ளையே வாங்க முடியாது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலோ மலையக நூல்களும் பழைய இதழ்களும் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கைபேசி போதும். புதிய ஆய்வுகள் அங்கே குறைவுதான். சரி, முதலில் அங்கே தேடுங்கள். அப்புறமும் அந்தக் கட்டணக் கட்டுரை தேவையென்றால், எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பலர் பிரதியை அனுப்பிவிடுவார்கள்.