சீட்டு ஒட்டாத 'ஸ்பெஷல் உரம்' – என் எலுமிச்சைக்கு நடந்தது

தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரே வாரத்தில் மொட்டையாக்கிவிட்டு எழுதுகிறேன்.

துளிர் இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சை, இடையில் மஞ்சள். கன்று வாங்கிய நர்சரியில் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த ஆள் இலையைக் கையில்கூட வாங்கவில்லை. "சத்துக் குறைவுதான். எலுமிச்சைக்கென்றே நாங்கள் கலக்கும் ஸ்பெஷல் உரம் இருக்கிறது. இரண்டு கைப்பிடி போடுங்கள், அடுத்த மாதம் பூக்கும்" என்றார். எதுவும் அச்சடிக்காத பாலிதீன் பை, உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சின்ன மணிகள். என்ன கலந்திருக்கிறது என்றால், "தொழில் ரகசியம்" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தேன்.

சொன்னபடியே போட்டேன், அதுவும் தண்டை ஒட்டி. சில நாளில் இலை நுனிகள் கருகின. வாரக் கடைசியில் பிஞ்சு உட்பட எல்லாம் தரையில்.

சந்தேகம் வந்து, மிச்சமிருந்ததில் கொஞ்சத்தை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். கசடே இல்லாமல் கரைந்து, டம்ளர் ஜில்லென்று ஆகிவிட்டது. யூரியா கரையும்போது அப்படித்தான் குளிரும். விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர் அந்த உர மணிகளைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், வெறும் யூரியா என்று. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், வேறு சத்து கிடையாது. தொட்டியில் கைப்பிடிக் கணக்கில் கொட்டினால் வேர் வெந்துபோகாமல் என்ன செய்யும்?

இதில் கொடுமை, என் மரத்துக்கு நைட்ரஜன் குறையவே இல்லை. அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலைகள். துளிரில் நரம்பு பச்சையாக நின்று இடையில் வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. துத்தநாகம், மாங்கனீசு குறைந்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். மண்ணில் காரத்தன்மை ஏறிவிட்டால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஏற்றியது யார்? நான்தான். முட்டை ஓட்டுத் தூள், விறகுச் சாம்பல் என்று வாராவாரம் போட்டுவந்தேன். அந்தப் பழியை நர்சரிக்காரர் மேல் போட மாட்டேன். ஆனால் இலையைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாமே.

திரும்பப் போய்க் கேட்டேன். "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்" என்றார். அப்புறம் பில் கேட்டார். கொடுக்காத பில்லை நான் எங்கே தேடுவது?

மேல்மண்ணை வழித்தெடுத்து, அடித்துளை வழியாக ஓடும்வரை திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டு மிச்ச உரத்தைக் கழுவினேன். புதுத் துளிர் எட்டிப்பார்க்கும்வரை எந்த உரமும் போடவில்லை. பிறகுதான் கிலேட் இரும்பு, அதாவது வேர் எடுக்கும்படி கரையும் நிலையிலேயே பிணைத்து வைத்த இரும்பு. அதிலும் ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிற்காது, ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று பார்த்து வாங்குங்கள். எந்த உரமானாலும் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) எத்தனை சதவீதம் என்று பையில் அச்சடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். போடும்போது ஈர மண்ணில், தண்டைவிட்டுத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஐந்து கிளையில் மூன்று காய்ந்துவிட்டது, வெட்டிவிட்டேன். மற்ற இரண்டில் துளிர் வருகிறது. இந்த வருஷம் காய் கிடையாது.