சில்லை மெல்லிசாக்குவதா, நிதானமாக ஊறவைப்பதா?

மரச் சில்லுகளைக் காரக் கரைசலில் வேகவைக்கும் கிராஃப்ட் முறையில், காகிதத்துக்கான மரக்கூழ் சமைப்பவர்களுக்குப் பழகிப்போன தலைவலி இது: சில்லின் மேல்பகுதி குழைந்துவிடும், நடுப்பகுதி விறகாகவே நிற்கும். எனக்கும் அதுதான் நடந்தது. ஆய்வகத்தின் சிறிய டைஜெஸ்டரில் (சில்லை வேகவைக்கும் அழுத்தக் கலனில்) யூக்கலிப்டஸ் சில்லுகளைப் போட்டு, 170 டிகிரி செல்சியஸுக்கு மளமளவென்று சூடேற்றினேன். சல்லடையில் வேகாத கட்டிகள்தான் மிஞ்சின.

இதற்கு இரண்டு வழிகள். சில்லை மெல்லிசாக வெட்டலாம். இல்லையென்றால் குறைந்த சூட்டில் லிக்கரில், அதாவது அந்தக் காரக் கரைசலில், ஊறவிட்டு, அப்புறம் சமைக்கலாம். நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மெல்லிய சில்லுக்கும் வலுவான நியாயம் இருக்கிறது. விரவலுக்கு, அதாவது காரம் மரத்துக்குள் பரவுவதற்கு, ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு கூடும், 8 மி.மீ. சில்லை 4 மி.மீ. ஆக்கினால் கால்வாசி நேரம் போதும். நீளம் இங்கே பெரிய கணக்கில்லை. காரம் மிகுந்த லிக்கரில் நார்ச்சுவர் உப்பிவிடுவதால், குறுக்குவாட்டு விரவல் ஏறக்குறைய நீளவாட்டு வேகத்துக்கே வந்துவிடுகிறது. ஆகவே சில்லின் மிகச் சிறிய அளவான தடிமன்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. (அமில சல்ஃபைட் சமையலில் கதை வேறு. அங்கே நீளவாட்டில்தான் ரசாயனம் சுலபமாகப் போகும்.)

சிக்கல் மரத்தைச் சில்லாக வெட்டும் சிப்பரில் இருக்கிறது. தடிமனைக் குறைக்கப் போனால் சில்லின் நீளமும் கூடவே குறையும். நார்கள் அறுபடும், குச்சியும் தூளும் பெருகும். தூள் லிக்கரின் சுழற்சியை அடைக்கும். தடித்த சில்லுக்குப் போகவேண்டிய காரத்தையும் முந்திக்கொண்டு குடித்துவிடும். கத்தி மழுங்கினால் கேட்கவே வேண்டாம்.

என்னை மாற்றியது சூட்டுக் கணக்கு. நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைக் கரைக்கும் வினைக்கு, எச்-ஃபாக்டர் (சூட்டையும் நேரத்தையும் சேர்த்துச் சமையலின் அளவைச் சொல்லும் எண்) கணக்கில் எடுத்துக்கொள்ளும் கிளர்வு ஆற்றல் (இது கூடுதலாக இருந்தால் சூடு ஏறும்போது வேகமும் அதிகம் கூடும்) மோலுக்குச் சுமார் 134 கிலோஜூல். விரவலுக்கு 20 கிலோஜூல் அளவு வைத்துக்கொள்ளலாம். 110 டிகிரியிலிருந்து 170-க்குப் போனால் வினை ஏறத்தாழ 300 மடங்கு வேகமாகிறது. விரவலோ மூன்று மடங்குகூட ஆவதில்லை. அதாவது சூட்டில் காரம் நடுப்பகுதியை எட்டுவதற்குள் மேல்பகுதியிலேயே தீர்ந்துபோகிறது. 110 டிகிரியில் விட்டால் அது நிதானமாக உள்ளே போய்ச் சேர்கிறது. இதற்குச் செலவும் சொற்பம்: அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறினால் சேரும் எச்-ஃபாக்டர் சுமார் 3. முழுச் சமையலுக்கோ அது நூற்றுக்கணக்கில் தேவை. லிக்னின் அதிகம் கரையாமலேயே காரம் மட்டும் பரவ ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், அதை ஏன் விட வேண்டும்?

ஊறவைப்பதற்கு முன் சில்லுகளுக்கு நீராவி காட்டியாக வேண்டும். மரத்துக்குள் காற்று அடைந்திருந்தால் லிக்கர் நுழையாது. லிக்கர் நிரம்பாத இடத்தில் விரவலுக்கும் வழியில்லை.

தொடக்கத்தில் காரத்தைக் கஞ்சத்தனமாகப் போட்டாலும் இந்த முறை காலை வாரும். ஊறும்போதே மரத்திலுள்ள அசிட்டைல் தொகுதிகள் கணிசமான காரத்தைத் தின்றுவிடுகின்றன. நடுவில் காரம் வற்றினால், கரைந்த லிக்னின் மறுபடி நாரில் படியும். நான் அதனால் காரத்தைக் குறைக்காமல், மரத்தின் எடைக்கு நான்கு பங்கு திரவம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நான் பார்த்தது சிறிய பேட்ச் டைஜெஸ்டரில், ஒரே வகை மரத்தில்தான். பைன் போன்ற ஊசியிலை மரங்களையோ ஆலையின் தொடர் டைஜெஸ்டரையோ கையாண்டதில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஊறும் நேரத்துக்குக் காத்திருக்க முடிந்தது. தொட்டியின் கொள்ளளவு குறைவான இடத்தில் அந்த ஒரு மணி நேரமே பாரமாகலாம்.

8 மி.மீ.க்கு மேல் தடித்த சில்லுகளை மட்டும் இப்போதும் பிரித்தெடுத்துப் பிளந்துதான் போடுகிறேன். எவ்வளவு ஊறவிட்டும் அவற்றின் நடு வேகவில்லை.