பரதநாட்டிய அரங்கேற்ற உடை: பைஜாமாவா, பாவாடையா, கட்டுப்புடவையா?

பட்டுப்புடவையைத் தையற்காரரிடம் கொடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். கத்தரி வைத்தபின் மாற்ற வழியில்லை.

பைஜாமா வகையில் ரவிக்கை, பைஜாமா, முன்விசிறி (முன்னால் தொங்கும் மடிப்புத் துண்டு), பின்துண்டு, மேலாக்கு என ஐந்து உருப்படிகள். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றிலேயே அடங்கும். ஜரிகை அடர்ந்த முந்தானையை விசிறிக்கு ஒதுக்குவார்கள். மடிப்பு அதில்தான் விறைப்பாக நிற்கும். அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் நிலை) முழங்கால்கள் விலக விலக விசிறி விரிகிறது. அரைமண்டி நன்றாக அமைந்த பிள்ளைக்கு இதற்கு ஈடான உடையே கிடையாது.

பைஜாமா கிழிவது பெரும்பாலும் கவட்டில்தான். நிற்கவைத்து அளவெடுப்பதே காரணம். முழுமண்டியில், அதாவது முழங்கால்களை விரித்துக் குதிகால் மேல் முழுதாக, உட்காரவைத்து அளந்து, கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு கொடுத்து, இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். விசிறியின் அகலத்தையும் அதே நிலையில் பாருங்கள். குறைந்தால் தொடைகளை இழுத்துப் பிடிக்கும். விசிறியின் நுனி சலங்கைக்கு மேலேயே நிற்கட்டும். கீழே இறங்கினால் மணியில் ஜரிகை இழை மாட்டிக்கொள்ளும்.

பாவாடை வகை பதத்துக்கும் (பாவம் மிகுந்த மெதுவான உருப்படி) அபிநயத்துக்கும் அழகு. நின்றாலும் நடந்தாலும் மடிப்பு குலையாது. ஆனால் முழுமண்டியில் கரை தரையில் படும், எழும்போது பாதம் அதை மிதிக்கும். கால்களின் கோணமும் சபைக்குத் தெரியாது. அரங்கேற்றத்துக்கு, அதிலும் கச்சேரியின் நடுநாயகமான நீண்ட வர்ணத்துக்கு, நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தைப்பது எதுவானாலும் பருத்தி லைனிங் கட்டாயம். இல்லையென்றால் வியர்வையில் அக்குள் பக்கத்துப் பட்டு சீக்கிரமே இற்றுவிடும். வளரும் பிள்ளை என்றால் ரவிக்கையின் இரு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே மடிந்திருக்கட்டும். விசிறியை இஸ்திரி போடும்போது மேலே பருத்தித் துணி விரியுங்கள். பாலியஸ்டர் ஜரிகை சூடு பட்டால் சுருங்கும்.

கட்டுப்புடவைக்குக் கத்தரியே வேண்டாம். பரதக் கலைஞர் பாலசரஸ்வதி புடவை உடுத்தித்தான் ஆடினார். கச்சேரி முடிந்ததும் புடவை புடவையாகவே பீரோவுக்குத் திரும்பும். ஆனால் கட்டிவிடத் தெரிந்த கை வேண்டும், பட்டு மெல்லியதாக இருக்க வேண்டும். கனத்த காஞ்சிப் பட்டு இடுப்பில் வழுக்கும். இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டி, கச்சத்தை (கால்களுக்கிடையே பின்னால் இழுத்துச் செருகும் பகுதி) செருகிய இடத்தில் ஊக்கு குத்தி, நான்கைந்து தையலும் போட்டுவிடுங்கள். அதோடு ஒருமுறை, கடைசியில் வரும் துரித நடன உருப்படியான தில்லானாவை முழுதாக ஆடவைத்துப் பாருங்கள். இடைவேளையில் உடை மாற்றுவதாக இருந்தால் இதை இரண்டாம் பாதிக்கு வைக்காதீர்கள்: வியர்த்த உடம்பில் பட்டு ஒட்டிக்கொள்ளும், கொசுவம் படியாது.