சத்துவாச்சாரி வீட்டில் ஏழு கோடை: ஏசி வாங்கிய விலையும் அவசரத்தின் விலையும்

2018ஆம் ஆண்டு சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டு மாடியறைக்கு ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்றை வாங்கினோம். இன்வெர்ட்டர் வகை அல்ல. குளிர்விக்க அதில் இருப்பது ஆர்-32 கேஸ். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் நள்ளிரவு வரை அறைக்குள் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி பழுதாவதும் மெக்கானிக் கிடைக்காமல் போவதும் அதே நாட்களில்தான்.

முதல் பழுது 2021 கத்திரி வெயிலில், ஓர் இரவு நேர்ந்தது. உள்ளே காற்று வந்தது, குளிர்ச்சி இல்லை. வெளியே இருக்கும் யூனிட் சற்று உறுமிவிட்டு அடங்கியது. அறுவைசிகிச்சை முடிந்து மாமனார் அந்த அறையில் படுத்திருந்ததால், விடியும்வரை பொறுக்க வழியில்லை. ஒன்பதரை மணிக்கு வந்த மெக்கானிக் கெப்பாசிட்டரை மாற்றி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாகத்தின் விலை சில நூறுதான். மீதி இரவுக்கும் அவசரத்துக்கும். டார்ச் வெளிச்சத்தில் கைப்பிடிச் சுவரேறி வேலை பார்த்தவருக்கு அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் கேஸ் விஷயத்தில்தான். 2022 ஏப்ரலில் குளிர்ச்சி குறைந்தபோது வந்த வேறொருவர், "கேஸ் இறங்கிடுச்சு சார், ஏத்திட்டா சரியாயிடும்" என்று 3,200 ரூபாய்க்கு நிரப்பிச் சென்றார். அடுத்த ஆண்டு மே மாதம் அதே குறை, அதே பதில், இம்முறை 3,500 ரூபாய். அடைபட்ட குழாய்க்குள் சுற்றிவரும் கேஸ், பெட்ரோலைப் போலச் செலவாகித் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். புழுக்கத்தில் இதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் நேரமில்லை. கம்ப்ரஸருக்கு இருந்த நீண்டகால வாரண்டியை நம்பிக் கேட்டபோது, கேஸும் கூலியும் அதில் சேராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

2024 தை மாதத்தில், ஏசி தேவைப்படாத காலத்தில், காட்பாடியிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். அவர் குழாயில் நைட்ரஜனை அழுத்தி ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, வெளி யூனிட்டின் நட்டுக்கு உள்ளே செம்புக் குழாயின் வாய் விரிசல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வெட்டி, வாயைப் புதிதாக விரித்துப் பொருத்தி, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சியெடுக்க வேக்கம் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, யூனிட்டில் குறிப்பிட்டிருந்த அளவுக்குக் கேஸை எடை பார்த்து நிரப்பினார். மொத்தம் 4,100 ரூபாய். அதன் பிறகு வந்த இரண்டு கோடைகளிலும் கேஸ் குறையவில்லை. இரண்டு முறை நிரப்பக் கொடுத்த 6,700 ரூபாய் காற்றோடு போயிற்று.

கீசரும் ஒரு மார்கழியில் கைவிட்டது; போர்வெல் தண்ணீரின் உப்பு எலிமென்டில் கெட்டியாகப் படிந்திருந்தது. அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு மூன்று நாள் நிதானமாக விசாரித்ததால் 1,100 ரூபாயில் முடிந்தது.

இப்போது ஆண்டுதோறும் மாசி பிறந்ததும், காட்பாடிக்காரரை அழைத்து 700 ரூபாயில் சர்வீஸ் செய்துகொள்கிறோம். வெளி யூனிட்டின் சத்தம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, குளிர்ச்சியில் குறையில்லை. ஆனாலும், அன்றிரவு ஒன்பதரை மணிக்கு வந்தவரின் எண்ணை நான் இன்னும் அழிக்கவில்லை.